மாநிலம் என்ற கட்டத்தில் நான் போட்ட 'மேற்படி'

திண்டிவனம் வாழ் பொதுமக்களுக்கும் வெளிநாடு வாழ் என் ஒரே மகனுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி, போன வாரக் காற்றில் தலைமறைவாகி, மூன்று நாள் தீவிரத் தேடுதலுக்குப் பின், பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தின் மேல் உயிருடன் மீட்கப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு கொய்யாப் பிஞ்சுகளுக்கு லேசான காயம். மேற்படி மூடி கம்பி போட்டுக் கட்டப்பட்டு, அதற்கு நிரந்தரக் குடியுரிமை வழங்கப்பட்டிருக்கிறது. பார்த்தாயா தம்பி, நீ வருஷக்கணக்காகப் படிக்கிற விஷயத்தை நான் ஒரே நாளில் மாடியில் முடித்துவிட்டேன்.

இதை எழுத உட்கார்ந்து நாலு நாளாகிறது. முதல் நாள் மூடியோடு நிறுத்திவிட்டேன். உங்கம்மா எட்டிப் பார்த்து, "புள்ள இன்னா கேட்டான், நீங்க இன்னா எழுதிக்கினு இருக்கீங்க?" என்றாள். "முன்னுரை" என்றேன். "முப்பத்தஞ்சு வருஷமா முன்னுரைதான் ஓடுது, விஷயம் எப்ப வரும்?" என்று சொல்லிவிட்டு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரிக்கப் போய்விட்டாள். கல்யாணமாகி வந்தபோது வாயே திறக்கமாட்டாள். உன் பாஷையில் சொன்னால் இந்த வீட்டோடு நன்றாக ஒருங்கிணைந்துவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் உன் ஆராய்ச்சியின் மூன்றாம் அத்தியாயத்தை அனுப்பி, "அப்பா, கடைசி மூணு பக்கம் உன்னைப் பத்தினது. படிச்சுட்டு சரின்னு ஒரு வரி எழுதி அனுப்பு. அடுத்த மாசம் சமர்ப்பிக்கணும்" என்று கேட்டிருந்தாய். உங்கம்மா தினமும் கேட்கிறாள், அனுப்பிட்டீங்களா என்று. நான் அனுப்பவில்லை. கண் சரியில்லை என்றேன். அகராதி கிடைக்கவில்லை என்றேன். இங்கிலீஷ் பேஜாராக இருக்கிறது என்றேன். அதெல்லாம் பொய். முதல் நாளே படித்துவிட்டேன். இரண்டு தடவை படித்தேன். அந்த மூன்று பக்கத்துக்கு நான் சரி என்று எழுத முடியாது. ஏன் முடியாது என்பதை நீ அதைச் சமர்ப்பிப்பதற்குள் சொல்லியாக வேண்டும். உன் பெயரில் அது ஒரு தடவை அச்சேறிவிட்டால், பிறகு நான் வாயைத் திறந்தாலும் அசிங்கம் உனக்குத்தான்.

தனியாக உனக்கு மட்டும் எழுதாமல் ஊர் படிக்கிற மாதிரி ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். நான் பெருமை அடித்ததெல்லாம் ஊர் கேட்கிற மாதிரிதானே? டீக்கடையில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று சொன்னேன். ரிட்டையர்மெண்ட் விழாவில் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே மைக்கில் சொன்னேன். மைக்கில் சொன்னதைக் காதில் வந்து திருப்பி வாங்க முடியாது தம்பி.

உன் அத்தியாயம் எனக்குப் புரிந்த அளவில் இதுதான். பிழைப்புக்காக ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிறவர்களை அரசாங்கம் எப்படி எண்ணுகிறது, எந்தப் பட்டியலில் போடுகிறது, எங்கே தங்கவைக்கிறது, போய்ச் சேர்ந்த ஊர் அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்கிறது அல்லது சேர்த்துக்கொள்ளாமலே வேலை வாங்குகிறது. மேலே இருக்கிறவர்கள் போடுகிற திட்டத்தில் ஓட்டை விழும்போது, கீழே இருக்கிற சின்ன உத்தியோகஸ்தன் தன் மனசாட்சியால் அந்த ஓட்டையை அடைக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு உதாரணமாக, ஊரடங்கு நாட்களில் ஒரு தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த 'உதவியாளர் க' என்று ஒருவனைக் காட்டியிருக்கிறாய். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவன் நான். எனக்கு நீ ஒற்றை எழுத்தில் வைத்துவிட்டாய். அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அடுத்த பக்கம் திருப்பியதும் வரவில்லை.

உன் அப்பா எப்பேர்ப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். வயது அறுபத்திரண்டு, உங்கம்மா கணக்கில் பதினாலு. பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற கட்டையைக் கிணற்றில் போட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்தரை வரை யாரும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ரசித்தவன். ஆபீஸில் மின்விசிறி ஓடாமல் போனபோது வருகைப் பதிவேட்டில் அதற்கு ஒரு வரி போட்டு, 'மருத்துவ விடுப்பு' என்று எழுதியவன். அதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது, "சுத்த முடியலன்னு தலைசுத்தல் சார்" என்றேன். அவரே சிரித்துவிட்டார். அவர் சிரித்ததால் எனக்கு மெமோ வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒருத்தனைச் சிரிக்க வைத்துவிட்டால் அவன் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டான். அதைப் பிடித்துக்கொண்டேதான் நான் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தேன்.

உன்னிடமும் அதையே செய்தேன். நீ பத்தாம் வகுப்பு எழுதிய வருஷம் ஞாபகம் இருக்கிறதா? பிரவுசிங் சென்டரில் உன் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, பாக்கெட் நிறையச் சாக்லேட்டோடு வந்தேன். வாசலில் நீ நின்றுகொண்டிருந்தாய். சும்மா இருக்க முடியாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஒரு பாடத்துல போயிடுச்சு தம்பி" என்றேன். நான் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, சாக்லேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் நீ இல்லை. செருப்புப் போடக்கூட நேரமில்லாமல் ஓடினேன். உன் சிநேகிதன் வீடு, மைதானம், பஸ் ஸ்டாண்டு. எதிரே வந்தவனையெல்லாம் பிடித்து உலுக்கிக் கேட்டேன். கடைசியில் திண்டிவனம் ஸ்டேஷனில், பிளாட்பாரத்தின் கடைக்கோடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். அழவில்லை. என்னைப் பார்த்ததும், "எந்தப் பாடம்ப்பா?" என்று மட்டும் கேட்டாய். என் உள்ளங்காலில் தோல் உரிந்திருந்தது. அதை நான் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். ஒருத்தனைத் தேடுவது என்றால் எப்படித் தேடவேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை தம்பி. அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ லீவில் வந்தபோது, கூடத்தில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ரெக்கார்டரை முன்னால் வைத்து, "சார், உங்க வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றாய். பெற்ற மகன் சார் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசினேன். நீ சிரித்தாய், உங்கம்மா சமையலறையிலிருந்து சிரித்தாள், ரெக்கார்டரின் சிவப்பு விளக்குகூடச் சிரித்ததுபோல் இருந்தது. உனக்கு உன் வேலையில் நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றே ஒன்றுதான். நீ பதிவு செய்து வைத்திருக்கிற பேச்சுகளில் எங்கெல்லாம் சிரிப்புச் சத்தம் வருகிறதோ, அங்கெல்லாம் நிறுத்தித் திரும்பக் கேள். சிரிப்புக்கு முந்தின வாக்கியத்தில் எதையோ தாண்டிக் குதித்திருப்பான். என் பதிவில் மூன்று இடம் இருக்கிறது. போய்க் கேட்டுப் பார்.

அந்த மே மாதம் என்ன நடந்தது என்று இப்போது சிரிக்காமல் சொல்கிறேன். வெளிமாநிலத்துக் கட்டட வேலைக்காரர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். எந்த ஆபீஸ், எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லமாட்டேன். அது உன்னிடம் கற்றுக்கொண்ட ஒழுக்கம். விழுப்புரத்திலிருந்து ரயில் விடப்போகிறார்கள், மாநிலவாரியாகப் பட்டியல் வேண்டும், மூன்று நாளில் வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றுவார்கள், பஸ்ஸில் ஏறினால்தான் ரயில். பீகார்காரர்களை எழுதுகிற வேலை எனக்கு. ஒடிசாக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களை எழுத அடுத்த அறையில் இன்னோர் உதவியாளர்.

எனக்கு இந்தியில் இரண்டே வார்த்தைதான் தெரியும், அதுவும் இந்தி தெரியாது என்று சொல்வதற்கு. முன்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். நான் "அப்பா பேரு" என்கிறேன், அவன் கையெழுத்துப் போட வருகிறான். அப்போது பக்கத்தில் ஒருத்தன் வந்து, "அண்ணா, நான் கேக்கறேன், நீ எழுது" என்றான். அவன்தான் ரபி. முப்பது வயதிருக்கும். ஒடிசாக்காரன். வானூர் பக்கம் நாலு வருஷமாக சென்ட்ரிங் வேலை, அதுதான் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகை அடிக்கிற வேலை. இந்தியும் தெரியும், நம்ம பேச்சும் தெரியும்.

"எங்கடா கத்துக்கின இவ்ளோ தமிழு?" என்று கேட்டேன்.

"டீக்கடைல பாதிண்ணா. மேஸ்திரி திட்டுனது பாதி."

"திட்டுனா புரியுமா?"

"புரியலன்னா இன்னொரு வாட்டி திட்டுவாரு. அப்ப புரிஞ்சிடும்."

மூன்று நாளும் என் பெஞ்சில் என்னோடு ஒட்டி உட்கார்ந்து, ஒவ்வொருத்தனிடமும் ஊர், அப்பன் பெயர், வயது எல்லாம் கேட்டுச் சொன்னான். எனக்கே அல்வா கொடுத்தவன் அவன் ஒருத்தன்தான். ஒடியாவில் வணக்கம் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தான். மறுநாள் காலையில் ஒடிசாக்காரர்கள் இருந்த அறை வாசலில் நின்று, கையைக் கூப்பி, கணீரென்று அதைச் சொன்னேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து மரியாதையாக இரண்டு பிஸ்கட்டை என் கையில் வைத்தார். அந்த வாக்கியத்துக்கு 'எனக்குப் பசிக்குது' என்று அர்த்தமாம். ரபி தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். இவன் நம்ம ஜாதிடா என்று நினைத்தேன். சேட்டைக்காரர்கள் எல்லாம் ஒரே ஜாதி. அன்றைக்குத்தான் போனில் படம் காட்டினான். பெண் குழந்தை, பிறந்து இரண்டு மாதம். அவன் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அவன் கேட்டான். "அண்ணா, ஒரு நிமிசம். அந்த ரூம்ல போயி என் பேரு குடுத்துட்டு வந்துடறேன்." எனக்கு முன்னால் பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். "நீ எழுந்து போனா என் கடை மூடிக்கும். உக்காரு. உன் பேர நானே போட்டுக்கறேன்" என்றேன். உட்கார்ந்துவிட்டான். நான் கவர்ன்மெண்டு ஆளில்லையா.

எங்கள் ஆபீஸில் படிவம் எழுதுவது எப்படி என்று உனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் கீழே கீழே ஒரே பதில் வந்தால், முதல் வரியில் மட்டும் முழுசாக எழுதிவிட்டு, அதற்குக் கீழே மேற்படி என்பதற்காக இரண்டு சின்னக் கோடு போட்டுக்கொண்டே போவோம். கை தானாகப் போடும். அன்றைக்கும் மாநிலம் என்ற கட்டத்தில் முதல் வரியில் அழகாக பீகார் என்று எழுதினேன். மீதி நாற்பது வரிக்கும் கோடுதான். மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டியலுக்காக ஜீப் வந்து நிற்கிறது, "ஜல்தி, ஜல்தி" என்று டிரைவர் ஹாரன் அடிக்கிறார். கடைசி வரியில் ரபியின் பெயரை எழுதினேன். அவன் அப்பா பெயரைச் சொன்னான், எழுதினேன். வயது சொன்னான், எழுதினேன். மாநிலம் நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. என் கை இரண்டு கோடு போட்டது. அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தமிழ் பேசுவானே தவிர படிக்கத் தெரியாது. எழுதி முடித்ததும், "தேங்க்ஸ்ணா" என்றான்.

உன் அத்தியாயத்தில், 'ஒப்பந்தக்காரர் கொடுத்த தவறான தகவலால்' அவன் பெயர் வேறு மாநிலத்துப் பட்டியலில் போய்விட்டது என்று இருக்கிறது. நான்தான் உனக்கு அப்படிச் சொன்னேன். ஆபீஸில் கேட்டவர்களிடம் கம்ப்யூட்டர் என்று சொன்னேன். ஒப்பந்தக்காரர் ஒன்றும் செய்யவில்லை. கம்ப்யூட்டர் நான் போட்ட கோட்டைப் பார்த்து பீகார் என்று அடித்தது, அவ்வளவுதான். அது என் கை செய்தது.

அதுவாவது கைத்தவறு. புதன்கிழமை காலையில் செய்தது கைத்தவறு இல்லை. ஒடிசா ரயிலுக்குப் போகிற பஸ் வந்து நின்றது. பெயர் வாசித்து ஏற்றினார்கள். ரபி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சவரம் பண்ணிக்கொண்டு, புதுச் சட்டையோடு நின்றான். எல்லாப் பெயரும் வாசித்து முடிந்தது. அவன் நேராக என்னிடம் வந்தான். "அண்ணா, என் பேரு இல்லன்றாங்க." எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பஸ் இன்னும் அரை மணி நேரம் நிற்கும். அதிகாரி இருபது அடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். போய், "சார், தப்பு என்னுது, இவன் ஒடிசா" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எல்லார் முன்னாலும் நாலு கத்து கத்துவார், கையாலேயே பெயரைச் சேர்த்து அனுப்பியிருப்பார். மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பழகியவனுக்கு, தன்னைப் பார்த்து நாலு பேர் சிரிப்பதைத் தாங்க முடியாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"உனக்கு மட்டும் மாப்பிள்ளை கோச்சு தனியா வருதுடா. நாளன்னிக்கு பீகார் வண்டில ஏறிக்கோ. எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊருதான" என்றேன். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் சிரித்தார், ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். ரபியும் சிரித்தான், பழக்கதோஷம். பிறகு நிறுத்திவிட்டு, "அண்ணா, பீகார் வேற. எங்க ஊரு வேற" என்றான்.

"மேப்புல ஒட்டிக்கினுதானடா இருக்குது?"

"திண்டிவனம் பக்கத்துலதாண்ணா ஆந்திரா" என்றான். அவ்வளவுதான் பேசினான். பஸ் கிளம்பிப் போகும்வரை அதன் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பீகாரும் ஒடிசாவும் ஒட்டிக்கொண்டுகூட இல்லை, நடுவில் ஒரு மாநிலமே இருக்கிறது என்பதை உன் அத்தியாயத்தில் இருக்கிற வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அவன் இல்லை. விடியற்காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் ரோட்டில் வடக்குப் பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று கைஜாடையில் காட்டினார்கள். வெயில் தார் உருகுகிற வெயில். சாலையில் ஒரு டீக்கடைகூடத் திறக்காத நாட்கள்.

இதற்குப் பிறகு நடந்ததாக நீ எழுதியிருப்பதுதான் ஊருக்கே தெரிந்த கதை. 'உதவியாளர் க' தன் வண்டியை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே, நெடுஞ்சாலையில் அவனைத் தேடிக்கொண்டு போனார். ஒலக்கூர் திரும்புகிற இடத்தில், மரத்தடியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்தார். பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து, அதிகாரியிடம் பேசி, அடுத்த ஒடிசா ரயிலில் பெயரைச் சேர்த்து அனுப்பிவைத்தார். ஊருக்குப் போய்ச் சேர்ந்த ரபி போன் பண்ணி, குழந்தையின் அழுகையைக் கேட்கவைத்தான். அதோடு உன் அத்தியாயம் முடிகிறது. கடைசி வரி அழகாக இருந்தது தம்பி. அகராதி இல்லாமலே எனக்குக் கண் கலங்கியது.

போன வருஷம் நீ ஜெர்மனியிலிருந்து போன் பண்ணி அரை மணி நேரம் கத்தினாயே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தங்குவதற்கான அட்டை வாங்கப் போன இடத்தில், கவுண்டரில் இருந்தவர் உன்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், தாய்மொழி என்ற கட்டத்தில் இந்தி என்று அடித்துவிட்டார் என்று சொன்னாய். "எனக்கு முன்னாடி நின்னவன் டெல்லிக்காரன்ப்பா. அவனுக்குப் போட்டதையே எனக்கும் போட்டுட்டாங்க. நான் யாருன்னு ஒரு கேள்வி கேட்டா குறைஞ்சா போயிடுவாங்க? நான் ஒரு ஆளே இல்லையா?" என்று உன் குரல் உடைந்தது. உங்கம்மா போனைப் பிடுங்கி உனக்கு ஆறுதல் சொன்னாள். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். அப்பாவுக்குப் பிள்ளைமேல் எவ்வளவு பாசம், தாங்க முடியாமல் போய்விட்டார் என்று அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். அது பாசம் இல்லை. நீ திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் கவுண்டரைத் தாண்டி சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

இப்போது நம்ம திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டா போடுகிறவன், முடி வெட்டுகிறவன், டைல்ஸ் ஒட்டுகிறவன் எல்லாம் வெளிமாநிலத்துப் பிள்ளைகள்தான். "இன்னாண்ணா, சௌக்கியமா?" என்று கேட்கிறார்கள். நான் நின்று ஒவ்வொருத்தனிடமும், "நீ எந்த ஸ்டேட்டு, எந்த மாவட்டம், எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓட்டல்காரர், "சார் இன்னும் சர்வீஸ்லயே கீறாரு" என்று கிண்டல் பண்ணுகிறார். நானும் சிரித்துவைக்கிறேன். பாவசங்கீர்த்தனத்துக்கும் வருஷாவருஷம் போகிறேன். மணிக்கட்டையைக் கிணற்றில் போட்டதைக்கூட ஃபாதரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் சிரித்துவிட்டு மன்னித்துவிட்டார். இதைச் சொன்னதில்லை.

அதனால் அந்த மூன்று பக்கத்தை எடுத்துவிடு. எடுக்க மனசில்லை என்றால், மேலே நான் எழுதியிருப்பதை வைத்துத் திருத்தி எழுது. சின்ன உத்தியோகஸ்தனின் மனசாட்சி ஓட்டையை அடைக்கும் என்கிற இடத்தில், ஓட்டையைப் போட்டதும் அவன்தான் என்று சேர்த்துக்கொள். உன் பேராசிரியர் கோபித்துக்கொண்டால், என் அப்பா விளையாட்டுப் புத்திக்காரர் என்று சொல். பெயர் போடவேண்டுமென்றாலும் போடு, 'க' வேண்டாம். சமர்ப்பிக்கிற தேதி தள்ளிப்போனால் போகட்டும். நீ எத்தனையோ பேரை உட்காரவைத்து உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறவன். உன் வீட்டிலிருந்தே ஒரு பொய் அதில் போகக்கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு மீதியையும் சொல்லவில்லை என்றால், இதுவும் இன்னொரு முன்னுரையாகத்தான் போகும். வண்டி எடுத்துக்கொண்டு ஒலக்கூர் வரை போனது உண்மை. அன்று விஷயத்தை உங்கம்மாவிடம் சொன்னேன், தப்பு யாருடையது என்பதை விட்டுவிட்டுச் சொன்னேன். அவள் பதறிப்போய்ப் புளிசோறு கட்டிக் கொடுத்து, "எங்க இருந்தாலும் புடிச்சிக் குடுத்துட்டு வாங்க, பாவம், பச்சப்புள்ளக்காரன்" என்று துரத்தினாள். வழியில் யாரும் தென்படவில்லை. ஒலக்கூர் திரும்புகிற இடத்தில் பஸ் நிழற்குடை இருந்தது, வண்டியை நிறுத்தினேன். இன்னும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் போயிருந்தால் பிடித்திருக்கலாம். பெட்ரோல் இருந்தது. பாஸ் இருந்தது. அவன் போன் நம்பர்கூட என் சட்டைப் பையிலேயே, அந்தப் பட்டியலின் நகலில் இருந்தது. அடிக்கவில்லை. அவனைப் பார்த்தால், "ஏண்ணா என் பேரு இல்ல?" என்று கேட்பான். அதற்கு என்னிடம் ஜோக்கு இல்லை. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவன் எங்கே போனான், போய்ச் சேர்ந்தானா, எனக்குத் தெரியாது. மரத்தடி, அடுத்த ரயில், குழந்தையின் அழுகை எல்லாம் டீக்கடையில் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நானாகச் சேர்த்தது. வெயிலில் பசி எடுத்தது. பொட்டலத்தைப் பிரித்து நானே சாப்பிட்டுவிட்டு, இலையை ரோட்டோரம் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தேன். உங்கம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பாத்தீங்களா அவன?"

"பாத்தேன்."

"சாப்ட்டானா?"

"சாப்ட்டான்."

"அவசரத்துல பண்ணது, உப்பு சரியா இருந்துச்சாமா?"

"சரியா இருந்துச்சுன்னு சொன்னான்" என்றேன்.

உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது.